ஆன்டிபாடி குறைந்தால் ஊசி வீணா?

இந்தப் பதிவு வாத்தியாருக்கான பதில். அவர் யாரென்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற நடுநிலைப் பள்ளி ஆசிரியர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், பேப்பரில் எதைப் படித்தாலும் கத்தரித்து ஒரு அட்டைக் கோப்பில் வைப்பவர். நல்ல மனுஷர். ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொல்வது தப்பு. தப்பு என்பதோடு ஆபத்தும்கூட. ஊரில் பத்துப் பேர் அவர் பேச்சைக் கேட்கிறார்கள்.

போன வருஷம், 2025 ஜூன் மாதம், மறுபடியும் கொரோனா தலைகாட்டுகிறது என்று டி.வி.யில் ஓடியதே, அப்போது ஆரம்பித்தது இது. வாத்தியார் காஞ்சிபுரம் போய் ஏதோ ஒரு லேபில் ரத்தம் கொடுத்து, ஆன்டிபாடி பரிசோதனை செய்துகொண்டு வந்தார். சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த ரிப்போர்ட்டை என் மடியில் போட்டார்.

"பாத்தீங்களா சார்? மூணு ஊசி போட்டுக்கிட்டேன். நடுவுல ஒரு தடவ வந்தும் போச்சு. போன டெஸ்ட்ல இருந்ததுல கால்வாசிகூட இப்ப இல்ல. அப்ப ஊசி எதுக்கு? எல்லாம் கம்பெனிக்காரன் வேல."

அத்தோடு விடவில்லை. கோப்பைத் திறந்து 2021 செப்டம்பர் மாதத்துக் கத்தரிப்பு ஒன்றையும் எடுத்தார். புவனேஸ்வரத்தில் இருக்கும் ஐ.சி.எம்.ஆர். ஆராய்ச்சி மையம், இரண்டு டோஸும் போட்டுக்கொண்ட 614 மருத்துவப் பணியாளர்களின் ரத்தத்தைத் தொடர்ந்து பார்த்ததில், நாலு மாதத்துக்குள் ஆன்டிபாடி நன்றாகவே இறங்கிவிட்டது என்ற செய்தி. உலகம் முழுக்க வந்த செய்திதான். தலைப்பின் கீழே பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தார். அதே செய்தியின் கீழ்ப்பகுதியில், ஆன்டிபாடி இறங்கினாலும் உடம்பின் நினைவு செல்கள் நோயைத் தடுக்க நிற்கும் என்ற வரியும் இருந்தது. அதற்குக் கோடு இல்லை. பாதிப் பேர் தலைப்போடு நிறுத்திவிடுகிறோம். முப்பத்துநாலு வருஷம் புதுவை அரசில் எழுத்தராக இருந்தவன் நான். குறிப்பின் முதல் பாராவை மட்டும் படித்துக் கையெழுத்துப் போட்ட அதிகாரிகளால் எத்தனை கோப்புகள் நாசமாயின என்று எனக்குத் தெரியும்.

வாத்தியாரைக் குறை சொல்லும் முன் என் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021 மார்ச் முதல் தேதியிலிருந்து அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஊசி என்றார்கள். அந்த மாதமே கோவிஷீல்டு முதல் டோஸ் போட்டுக்கொண்டேன். இரண்டாவது மே மாதம். அந்த மே மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆக்ஸிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற மாதம். ஜூன் கடைசியில் எனக்கு ஒரு ஆசை வந்தது, உள்ளே எவ்வளவு "சக்தி" சேர்ந்திருக்கிறது என்று பார்க்கலாமே என்று. ஒரு லேபில் ஆயிரத்துச் சொச்சம் கட்டினேன். 'நெகடிவ்' என்று வந்தது. இரண்டு ராத்திரி தூங்கவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவளோ நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து, மகன் ஏதோ பணம் கேட்டிருக்கிறான் என்று நினைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் எங்கள் கிராம சுகாதார செவிலியர், ஊரில் எல்லோரும் நர்ஸம்மா என்று கூப்பிடுபவர், அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "ஐயா, இது வேற டெஸ்ட்டு. வந்து போனவங்களுக்குப் பாக்கறது. உங்களுக்குத்தான் வரவே இல்லையே" என்றார்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கொரோனா கிருமியின் மேலே முள் மாதிரி நிற்கும் புரதம் ஒன்று. உள்ளே மரபுப்பொருளைச் சுற்றியிருக்கும் புரதம் வேறொன்று. கோவிஷீல்டு முள் புரதத்தை மட்டும்தான் உடம்புக்குக் காட்டுகிறது. அதனால் அதற்கு எதிரான ஆன்டிபாடிதான் வரும். என் ரத்தத்தை அந்த லேப் உள்புரதத்துக்கான கிட் வைத்துப் பார்த்திருக்கிறது. நோயே வராமல் கோவிஷீல்டு மட்டும் போட்டவனுக்கு அதில் நெகடிவ்தான் வரும். கோவாக்சின் கதை வேறு. அது செயலிழக்க வைத்த முழுக் கிருமி, அதனால் இரண்டுக்கும் எதிராக வரலாம். இதை எனக்கு யாரும் கவுண்டரில் சொல்லவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள்.

ஆகவே வாத்தியாருக்கு என் முதல் கேள்வி: உங்கள் இரண்டு ரிப்போர்ட்டும் ஒரே கிட்டா? ஒரே அலகா? அவர் எடுத்துப் பார்த்தார். லேபே வேறு. ஒன்றில் ஒரு அலகு, இன்னொன்றில் வேறொரு அலகு. படியால் அளந்த நெல்லையும் கிலோவில் நிறுத்த நெல்லையும் பக்கத்தில் வைத்து, குறைந்துவிட்டது என்கிறார். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2021 மே 19-ஆம் தேதியே அறிவித்தது: ஊசி போட்டவர்கள் தங்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்க்க ஆன்டிபாடி பரிசோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று. இந்த எண்ணுக்கு மேல் இருந்தால் தப்பித்தாய், கீழே இருந்தால் மாட்டினாய் என்று சொல்ல ஒரு கோடு கிடையாது. சர்க்கரைக்கு இருக்கிறது, இதற்கு இல்லை. இருந்தும் 'முழு உடல் பரிசோதனை' பட்டியலில் இதையும் சேர்த்து வயசானவர்களிடம் விற்றார்களே, அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். வாத்தியார் மேல் இல்லை.

சரி, ஒரே கிட், ஒரே அலகு என்றே வைத்துக்கொள்வோம். புவனேஸ்வரத்தில் அப்படித்தானே பார்த்தார்கள். இஸ்ரேலில் ஷெபா மருத்துவமனையில் 4,868 பணியாளர்களை மாதாமாதம் ரத்தம் எடுத்து ஆறு மாதம் தொடர்ந்தார்கள். அங்கேயும் குறைந்தது. கிருமியை முடக்கும் வகை ஆன்டிபாடி முதல் மூன்று மாதம் வேகமாக இறங்கி, பிறகு மெதுவாக இறங்கியது. பெண்களைவிட ஆண்களுக்கும், இளையவர்களைவிட 65 தாண்டியவர்களுக்கும் குறைவு. இது எதையும் நான் மறுக்கவில்லை. குறைகிறது. குறைவது தோல்வி என்பதைத்தான் மறுக்கிறேன்.

தேர்தல் டூட்டி பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். தேர்தல் அறிவித்ததும் கலெக்டர் ஆபீஸ் எப்படி இருக்கும்? பள்ளிக்கூடத்திலிருந்து, கருவூலத்திலிருந்து, பொதுப்பணித் துறையிலிருந்து ஆட்களை இழுத்துப் போடுவார்கள். கால் வைக்க இடம் இருக்காது. ஓட்டு எண்ணி முடித்த மறுவாரம் போய்ப் பாருங்கள், பாதி நாற்காலி காலி. கலெக்டர் ஆபீஸை மூடிவிட்டார்கள் என்று யாராவது சொல்வோமா? நிரந்தரப் பிரிவு உட்கார்ந்திருக்கிறது. அதைவிட முக்கியம், ரெக்கார்ட் ரூம் இருக்கிறது. போன தேர்தலில் எந்த வாக்குச்சாவடியில் என்ன தகராறு, யாரை எங்கே போடவேண்டும் என்ற விவரமெல்லாம் அங்கே கட்டுக்கட்டாக இருக்கும். அடுத்த தேர்தல் வந்தால் அ-விலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

உடம்பும் இதையேதான் செய்கிறது. ஊசி போட்டதும் அல்லது நோய் வந்ததும், ஆன்டிபாடியைத் தயாரிக்க அவசரகால செல்கள் கூட்டமாக உண்டாகின்றன. சில வாரத்தில் அவை செத்துப்போகும். செத்துப்போகத்தான் வேண்டும். இல்லையென்றால் எழுபது வருஷத்தில் வந்த ஒவ்வொரு காய்ச்சலுக்கும் தனித்தனிப் பட்டாளத்தை வைத்துச் சோறு போட்டால் ரத்தம் கூழாகிவிடும். ஒரு சிறு கூட்டம் மட்டும் எலும்பு மஜ்ஜைக்குள் போய் நிரந்தரமாகத் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஆன்டிபாடி விட்டுக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், லேசாகக் கொரோனா வந்து போன 18 பேரின் எலும்பு மஜ்ஜையை ஏழெட்டு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தார்கள். 15 பேருக்கு அந்த நிரந்தரச் செல்கள் இருந்தன. 2021 மே மாதம் 'நேச்சர்' இதழில் வந்தது. இதைத் தவிர நினைவு செல்கள் என்று ஒன்று உண்டு. அவை சும்மா இருக்கும்போது ஆன்டிபாடி விடுவதே இல்லை. கிருமி மறுபடி வந்தால்தான் எழுந்து வேலை செய்யும். வாத்தியாரின் லேப் ரிப்போர்ட்டில் அவை எந்தக் காலத்திலும் வராது. ரெக்கார்ட் ரூமில் என்ன இருக்கிறது என்று வாசலில் நிற்கும் ஆட்களை எண்ணிச் சொல்ல முடியுமா?

இந்த நினைவு எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு நான் மிகவும் ரசித்த சான்று கொரோனாவுக்கு முந்தியது. 1918 ஸ்பானிஷ் ஃப்ளூ காலத்தில் குழந்தைகளாக இருந்து பிழைத்த 32 பேரை, அவர்கள் தொண்ணூறு தாண்டிய பிறகு தேடிப் பிடித்து ரத்தம் எடுத்தார்கள். அந்தப் பழைய கிருமியை அடையாளம் தெரிந்த செல்கள் தொண்ணூறு வருஷம் கழித்தும் இருந்தன. 2008-இல் வந்த ஆராய்ச்சி அது. சிங்கப்பூரில் 2003-இல் சார்ஸ் வந்து பிழைத்தவர்களிடம் 17 வருஷம் கழித்து டி-செல் நினைவு இருந்ததைக் கண்டார்கள். சார்ஸ் என்பது கொரோனாவின் அண்ணன்தானே.

இங்கே என் பள்ளிக்கூடத்தைக் கொஞ்சம் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். 'இம்யூனிதே' என்ற சொல்லை முதலில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது உயிரியல் வாத்தியார் இல்லை, சரித்திர வாத்தியார். ரோமாபுரியில் வரியிலிருந்தும் ஊர்க் கடமையிலிருந்தும் விலக்கு என்பதுதான் அதன் மூல அர்த்தம். நம் பக்கத்துக் கல்வெட்டுகளில் 'இறையிலி' என்று வருகிறதே, அதேதான். இறையிலி நிலம் என்றால் அந்த நிலத்தில் வெள்ளம் வராது, பூச்சி விழாது என்று அர்த்தமில்லை. ஒரு குறிப்பிட்ட பாரம் அதன் மேல் விழாது, அவ்வளவுதான். நோய் எதிர்ப்பும் அப்படித்தான். எந்த பாரத்திலிருந்து விலக்கு என்று கேட்க வேண்டும்.

அதை நமக்கு அளந்து சொன்னவர்கள் நம் ஊருக்கு மேற்கே, இதே பாலாற்றங்கரையில் இருக்கும் வேலூர்க்காரர்கள். சி.எம்.சி. மருத்துவமனையில் 10,600 பணியாளர்கள். 2021 ஜனவரி 21 முதல் ஏப்ரல் 30 வரை அவர்களில் 8,991 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேருக்கு மேல் கோவிஷீல்டு, அதாவது நம்மில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டதே. இரண்டு டோஸும் போட்டவர்கள் 7,080. உடனே இரண்டாவது அலை வந்து அடித்தது. அந்த 7,080 பேரில் 679 பேருக்கு நோய் வந்தது. பத்தில் ஒருவருக்கு என்று வையுங்கள்.

வாத்தியார் இந்த இடத்தில் "பாத்தீங்களா!" என்றார். பொறுங்கள் வாத்தியாரே. ஊசி போடாத பணியாளர்களோடு ஒப்பிட்டால், இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு நோய் தொற்றுவது 65 சதவீதம் குறைவு. மருத்துவமனையில் சேர்வது 77 சதவீதம் குறைவு. ஆக்ஸிஜன் தேவைப்படுவது 92, ஐ.சி.யூ.வுக்குப் போவது 94 சதவீதம் குறைவு. அந்த 7,080 பேரில் ஆக்ஸிஜன் வைத்தவர்கள் நாலே பேர், ஐ.சி.யூ. போனவர்கள் இரண்டு பேர். இந்தப் படிக்கட்டைப் பாருங்கள். நோய் எவ்வளவு கடுமையோ அவ்வளவு பாதுகாப்பு.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு எண் இருக்கிறது. அந்த 679 பேருக்கும் நோய் வந்தது இரண்டாவது டோஸ் போட்டு ஏறக்குறைய 47 நாள் கழித்து. நாற்பத்தேழு நாள் என்றால் ஆன்டிபாடி இன்னும் நன்றாக இருக்கும் சமயம். அப்போது லேபுக்குப் போயிருந்தால் வாத்தியார் கொண்டாடும் எண் வந்திருக்கும். அந்த எண்ணோடும் நோய் வந்தது. ஆகவே எண் உயரமாக இருந்தால் வராது என்பதும் இல்லை, இறங்கிவிட்டால் ஒன்றும் இல்லை என்பதும் இல்லை. டெல்டா மூக்குக்குள் நுழைவதை அந்த ஊசியால் முழுசாகத் தடுக்க முடியவில்லை. நுரையீரலைத் தின்பதைத் தடுத்தது. அதற்குக் காரணம் அந்த ஒற்றை எண்ணுக்குள் அடங்காத வேலைகள்.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரி, அங்கே வசதி இருக்கிறது என்று சொல்வீர்கள். தமிழ்நாடு போலீஸை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நின்று நம்மைத் துரத்தியவர்கள். சென்னை தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், 2021 பிப்ரவரி 1 முதல் மே 14 வரை, 1,17,524 போலீஸ்காரர்களின் கணக்கை எடுத்தது. ஊசியே போடாத 17,059 பேரில் இறந்தவர்கள் 20. ஒரு டோஸ் போட்ட 32,792 பேரில் 7. இரண்டு டோஸ் போட்ட 67,673 பேரில் 4. ஆயிரத்துக்குக் கணக்கிட்டால் போடாதவர்களிடம் சாவு இருபது மடங்கு. வாத்தியார் கணக்கு சொல்லிக்கொடுத்தவர், சும்மா விடுவாரா? "போடாதவங்கள்ல ஏற்கனவே நோயாளிங்க அதிகமா இருந்திருக்கலாமே" என்றார். இருக்கலாம். நல்ல கேள்வி. ஆனால் அதற்காக எவ்வளவு தள்ளுபடி செய்வீர்கள்? பாதி? முக்கால்? அப்படித் தள்ளினாலும் மிச்சம் நிற்பது பெரிய வித்தியாசம்.

இப்போது அவர் பக்கம் நியாயம் இருக்கும் இடத்துக்கு வருகிறேன். "ஊசி போட்டா வராது" என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்களே, அது பொய். எனக்கே 2022 ஜனவரியில், ஒமிக்ரான் வந்தபோது, பொங்கல் கழிந்த வாரம் வந்தது. மூன்று நாள் காய்ச்சல், ஒரு வாரம் இருமல். பிரிட்டனில் 'சைரன்' என்ற பெயரில் 35,000-க்கு மேற்பட்ட மருத்துவப் பணியாளர்களை வருஷக்கணக்கில் தொடர்ந்தார்கள். அவர்கள் போட்டது பெரும்பாலும் ஃபைசர். நோயே வராமல் இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு, தொற்றுக்கு எதிரான பாதுகாப்பு முதல் இரண்டு மாதத்தில் 85 சதவீதமாக இருந்தது, ஆறு மாதம் கழித்துச் சுமார் 51-க்கு இறங்கிவிட்டது. நோய் வந்து, பிறகு ஊசியும் போட்டவர்களுக்கு மட்டும் ஒரு வருஷம் தாண்டியும் 90-க்கு மேல் நின்றது. இது ஒமிக்ரானுக்கு முந்திய கணக்கு, ஒமிக்ரான் வேஷம் மாற்றி வந்தது. ஆகவே தொற்றுக்கு எதிரான பாதுகாப்பு குறுகிய காலத்ததுதான். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். "வந்தாலும் சாகாமல் இருக்க" என்று சொல்லியிருந்தால் வாத்தியார் இன்று ஏமாற்றப்பட்டதாக நினைக்க மாட்டார். கிராமத்து ஜனங்களுக்குப் பாதி உண்மை போதும் என்று மேலே உட்கார்ந்து முடிவு செய்கிறவர்களை எனக்குச் சர்வீஸ் காலத்திலிருந்தே பிடிக்காது.

ரத்தக்கட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அரிதாக ரத்தம் உறையும் கோளாறு வரும் என்பது உண்மை. 2024-இல் லண்டன் கோர்ட்டில் கம்பெனி ஒப்புக்கொண்டது என்று பரபரப்பாக வந்தது. அது 2021 வசந்த காலத்திலேயே ஐரோப்பாவில் வெளியே வந்து, சில நாடுகளில் இளம் வயதினருக்கு நிறுத்தவும் செய்தார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நியாயம் கிடைக்க வேண்டும். அது தனி வழக்கு. ஆன்டிபாடி குறைந்ததால் ஊசி வீண் என்ற வாதத்துக்கு அதைச் சாட்சியாகக் கூப்பிட முடியாது.

நான் உண்மையில் கோபப்படும் விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன்.

மேலே நான் கொட்டிய எண்கள் எல்லாம் யாருடைய ரத்தம்? 614, 4,868, 10,600, 35,000. பெரும்பாலும் நர்ஸுகள், வார்டு பாய்கள், லேப் டெக்னீஷியன்கள், ஆயாக்கள், டாக்டர்கள். 2021 ஜனவரி 16-ஆம் தேதி, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், நாட்டில் ஊசி ஆரம்பித்தபோது முதலில் கையை நீட்டச் சொன்னது அவர்களைத்தான். அப்போது நாமெல்லாம் என்ன சொன்னோம்? "மொதல்ல அவங்க போட்டுக்கட்டும், பாக்கலாம்" என்றோம். நானும் சொன்னேன். டோஸுக்கு இடையில் நாலு வாரமா, எட்டு வாரமா, பன்னிரண்டா என்று அரசு மாற்றி மாற்றிச் சொன்னபோது, நாலு வாரத்தில் போட்டுக்கொண்டு போய் வார்டில் நின்றது அவர்கள்தான். பிறகு மாதாமாதம் ஊசியால் குத்தி ரத்தம் கொடுத்து, குறைகிறது, ஆனால் காப்பாற்றுகிறது என்று நமக்குத் தெரியப்படுத்தினார்கள். அந்த ரத்தத்திலிருந்து வந்த செய்தியில் பாதியை மட்டும் கத்தரித்து, 'ஊசி வேஸ்ட்' என்று அவர்கள் முகத்திலேயே சொல்வது நன்றிகெட்டதனம். வாத்தியார் போன புதன்கிழமை துணை சுகாதார நிலையத்தில், குழந்தைகளுக்கு ஊசி போடும் நாளில், கைக்குழந்தையோடு நின்ற பெண்கள் முன்னால் நர்ஸம்மாவிடம் இதைச் சொன்னார். அன்றைக்கு இரண்டு பேர் அம்மை ஊசி போடாமலே திரும்பிப் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். கொரோனா பற்றிய கோபத்துக்கும் அந்தக் குழந்தைகளின் அம்மை ஊசிக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்கள். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

அம்மை என்றதும் இன்னொன்று. 1846-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாரோ தீவுகளில் தட்டம்மை வந்து, ஏழாயிரத்துச் சொச்சம் பேரில் ஆறாயிரம் பேர் படுத்துவிட்டார்கள். பேனம் என்ற இளம் டாக்டர் ஊர் ஊராகப் போய் எழுதி வைத்தார்: 1781-இல் தட்டம்மை வந்து போன கிழவர்கள் யாருக்கும் இப்போது வரவில்லை. நடுவில் அறுபத்தைந்து வருஷம் அந்தத் தீவில் அந்த நோயே இல்லை. கொரோனா அப்படி ஆயுசுக்கும் தடுக்கும் நோய் இல்லை, கிருமி ஆடை மாற்றிக்கொண்டே இருக்கிறது. தட்டம்மைக் கிருமி மாற்றிக்கொள்வதில்லை. அந்த ஊசியை வேண்டாமென்று திருப்பி அனுப்பியது எவ்வளவு பெரிய தப்பு என்பதற்குச் சொல்கிறேன்.

நன்றிகெட்டதனம் நம் ஊர்க்காரர்களிடம் மட்டும் இல்லை. 2020 ஏப்ரலில் சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தபோது, உடலைப் புதைக்க விடாமல் ஆம்புலன்ஸ் மேல் கல்லெறிந்தார்கள். கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த நர்ஸுகள் 2,400-க்கு மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு வீட்டுக்குப் போகச் சொன்னது தமிழக அரசு. புத்தாண்டு அன்று அவர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். மாற்று வேலை தருவதாக அமைச்சர் பிறகு சொன்னார், சரி. ஆனால் உத்தரவு போட்ட கோப்பில் எந்த எழுத்தராவது "இவர்கள் யாரென்று பார்க்கவும்" என்று ஒரு வரிக் குறிப்பு எழுதியிருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது. எழுத்தர் எழுதினால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். சில சமயம் ஆகும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருமுக்கூடலில் பெருமாள் கோயில் சுவரைப் பார்த்திருப்பீர்கள். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் நம் ஊர் மலையேறி இறங்கி, நம் நரசிம்மரோடு அங்கேதான் போகிறார். அந்தச் சுவரில் பதினொன்றாம் நூற்றாண்டில், வீரராசேந்திரன் காலத்தில் வெட்டிய நீண்ட கல்வெட்டில், பதினைந்து படுக்கை கொண்ட ஓர் ஆதுலர் சாலையின் செலவுக் கணக்கு இருக்கிறது. வைத்தியர், கத்தி வைப்பவர், மூலிகை கொண்டுவருபவர்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் என்ன கூலி என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். விளக்கு எரிக்கும் எண்ணெய் வரை கணக்கு. மருத்துவம் பார்ப்பவருக்கு ராஜா தருவது தர்மம் இல்லை, சம்பளம், அதை யாரும் நிறுத்தக் கூடாது என்பதுதான் அதன் பொருள். அந்தக் கல் அழியவில்லை. நாமோ நாலு வருஷத்துச் செய்தியில் பாதியை மறந்துவிட்டோம்.

வாத்தியாருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். அடுத்த தடவை ஆன்டிபாடி டெஸ்டுக்குப் பணம் கட்டாதீர்கள். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, மார்புச் சளி இருக்கிறது. புதிதாக ஊசி ஏதும் வேண்டுமா என்று உங்களைப் பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள், லேபில் கேட்காதீர்கள். அந்த இரண்டு பெண்களின் வீடும் உங்களுக்குத் தெரியும், ஒருத்தி உங்களிடம் படித்தவள். போய், அம்மை ஊசி வேறு, நான் பேசியது வேறு என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

அவர் கோப்பை மூடிக்கொண்டு, "பாக்கலாம் சார்" என்று எழுந்து போனார். வரும் புதன்கிழமை போகிறாரா என்று தெரியவில்லை. இந்தப் பதிவை அவர் படிப்பார். பதில் எழுதிக் கொடுத்தால் ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே போடுகிறேன்.